ஆற்றங்கரைக் கூடாரம்

அன்புள்ள தம்பிக்கு,

ஆற்றில் பனிக்கட்டி உடைந்து ஓடத் தொடங்கிவிட்டது. காட்டு வாத்துகளும் வந்துவிட்டன. உன் நகரத்தில் அவற்றின் சத்தம் கேட்கிறதா?

குழந்தைகள் மனநல மையத்தை அந்தப் பழைய விடுதிப் பள்ளிக் கட்டடத்திலிருந்து ஒருவழியாக மாற்றிவிட்டேன். "சூடான அறை இருக்கு, நான் இருக்கேன். ஏன் ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்க?" என்று தெற்கிலிருந்து வந்த டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். சின்ன வயதில் நம் தாய்மொழியான க்ரீயைப் பேசியதற்காக நம்மை அடித்த இடம் அதுதான் என்றேன். பிறகு அவரே மேலிடத்துக்கு எழுதினார். சம்மதம் வர ஒரு வருடம் ஆயிற்று.

அதற்குள் நீ நகரத்துக்குப் போய்விட்டாய். உன் மகள் டெல்லாவை மையத்துக்குக் கூட்டிவந்த அன்று நீ உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுவிட்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். நீ போன பிறகு அவள் யாரிடமும் பேசவில்லை.

இப்போது மையம் ஆற்றங்கரைக் கூடாரத்தில்தான். ஊசியிலைக் கிளைகள் பரப்பிய தரையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து வேட்டையாடிய வாத்துகளின் இறகைப் பிடுங்குகிறோம். அதற்கிடையே பேச்சு வருகிறது, சில நேரம் அழுகையும். டாக்டரும் பிடுங்குகிறார்.

நேற்று டெல்லா அவரைப் பார்த்து, "பயப்படாம இழுங்க டாக்டர், அது செத்துப்போச்சு" என்றாள். கூடாரமே சிரித்தது. நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இந்த மாதிரி இடம்னா அப்பா உள்ள வந்திருப்பாரா அத்தை?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை, தம்பி. உன்னைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

உன் அக்கா