கரண்ட் போன பிறகு நீ சொன்ன முடிவு

அக்கா,

நேற்று மத்தியானம் என் வீட்டுக்காரரை எங்கள் வீட்டுச் சுவரில் நிறுத்திக் காட்டினார் மருமகப்பிள்ளை.

அணுபுரத்தில் மகள் வீட்டில்தான் இப்போது இருக்கிறேன். புதிதாக ஒரு டிவி வாங்கியிருக்கிறார்கள். பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிறது. எந்தக் காலத்துப் படம் கேட்டாலும் கொடுக்கிறது. அந்த இந்திப் படத்தின் பேர் எனக்கு அன்றைக்கே வாயில் நுழையவில்லை. பழிவாங்கும் திருடன், எங்கள் கரையில் எடுத்தது, குதிரை வரும், ஹெலிகாப்டர் வரும் என்று நான் சொன்ன அடையாளத்தை வைத்துக்கொண்டு மருமகப்பிள்ளை சலிக்காமல் தேடிப் பிடித்துவிட்டார். கடற்கரைக் காட்சி வந்ததும் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினேன். நிறுத்தினார். கையில் துடுப்போடு, கம்பெனிக்காரர்கள் கட்டிவிட்ட சிவப்பு முண்டாசோடு, அவர் நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் எழுந்து போய் டிவியைத் தொட்டுப் பார்த்தாள். அவர் போனபோது அவள் என் வயிற்றில் இருந்தாள். அவருக்குப் போட்டோ என்று ஒன்று கிடையாது. அவளுக்கே தலை நரைத்துவிட்டது, இப்போதுதான் அப்பன் முகத்தைப் பார்க்கிறாள். "மூக்கு என்னுதும்மா" என்றாள்.

உடனே பஸ் ஏறி செங்கல்பட்டுக்கு வந்து உன்னிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. நீ கண்மூடிய பிறகு அந்த வீட்டில் யாரோ செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். உன்னோடு ஒரு சண்டையும் பாக்கி இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

மீன் கூடையோடு உன் வாசலில் நான் முதன்முதல் நின்ற நாள் நினைவிருக்கிறதா? நீ தையல் மிஷினில் இருந்து எழுந்திருக்கவே இல்லை. "செவுள தூக்கிக் காட்டு" என்றாய். காட்டினேன். "நேத்து மீனு" என்றாய். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "யக்கா, ஒனக்குத் துணி தெரியும், மீன பத்தி இன்னா தெரியும்?" என்று கேட்டேன். நீ சிரித்துவிட்டாய். அன்று பிடித்த சிநேகம். நான் எட்டாவது வரை படித்தவள்; உனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. கூடை காலியானதும் உன் வீட்டில் உட்கார்ந்து வாரப் பத்திரிகையின் தொடர்கதையை உனக்கு வாசிப்பேன். பதிலுக்கு, கொட்டகையில் இந்திப் படம் வந்தால் நீ என் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் பேசுவது உருது, அதனால் உனக்கு எல்லாம் புரியும். பெண்கள் பக்கத்து பெஞ்சில் உன்னைச் சுற்றி இடம் பிடிக்க அடிதடியே நடக்கும். "பாயம்மா, சத்தமா சொல்லேன், இன்னா சொல்றான் அவன்?" என்று பின்வரிசையில் இருந்து குரல் வரும்.

மாமல்லபுரத்துக்கு அந்தப் படக் கம்பெனி வந்தது ஒரு மாசி மாதத்தில். எங்கள் குப்பத்து ஜனமே கரையில்தான் கிடந்தது. அவ்வளவு குதிரைகளை நாங்கள் பார்த்ததில்லை. படத்தில் வீராதி வீரனாக வருகிறானே அந்தத் திருடன், கட்டுமரத்தில் ஏறி முதல் அலை அடித்ததும் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். அவனை நடுவில் உட்காரவைத்து முன்னால் என் வீட்டுக்காரரும் பின்னால் தேசிங்கும் துடுப்புப் போட வேண்டும். தேசிங்கு அவருடைய கூட்டாளி. சின்ன வயதில் இருந்தே ஒன்றாகக் கடலுக்குப் போகிறவர்கள். கேமராவைப் பார்க்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். அவர் பார்த்துவிட்டார். கம்பெனிக்காரன் தலையில் அடித்துக்கொண்டான். அதற்குள் குதிரைகள் வெடிச் சத்தத்தில் மிரண்டு சிதறிவிட்டதால் மறுபடி எடுக்க முடியவில்லை. உன்னிடம் மட்டும்தான் இதைச் சொன்னேன்: அவர் கேமராவைப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால் சோற்றுத் தூக்கோடு நின்றிருந்த என்னைப் பார்த்தார்.

அந்த ஐப்பசியில் அவர் போய்விட்டார். அவரும் தேசிங்கும் இரண்டு கட்டுமரமாகப் போனார்கள். காற்று மாறி அடித்ததில் அவர் மரத்தின் கட்டு அவிழ்ந்து போயிற்று. தேசிங்கு மட்டும் கரைக்கு வந்தான். "காத்துல மரத்த திருப்ப முடியல, கூப்ட்டுகினே இருந்தாரு, என்னால முடியல" என்று பஞ்சாயத்தில் அழுதான். அவன் மரத்தில் வலையும் மீனும் அப்படியே இருந்தன. வலையை அறுத்துக் கடலில் விட்டிருந்தால் மரம் இலேசாகியிருக்கும், திருப்பியிருக்கலாம். குப்பத்தில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை.

நான் திறக்கவேண்டியதில்லை அக்கா, எனக்குக் கை இருந்தது. புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள் கரை மண்ணை அள்ளி அம்மன் பேரைச் சொல்லி ஒருவனுடைய மரத்தின் மேல் தூற்றினால், அந்த மரத்தில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். அவனோடு கடலுக்குப் போகமாட்டார்கள். அவன் பெண்சாதி கொண்டுவரும் மீனை ஏலத்தில் எடுக்கமாட்டார்கள். குடும்பமே குப்பத்தை விட்டுப் போகவேண்டியதுதான். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற அன்று, ஊரே கூடியிருக்கும்போது தூற்றுவது என்று முடிவு செய்தேன். உன்னிடம் வந்து சொன்னபோது நீ மிஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாய். வேண்டாம் என்று சொல்வாய், சண்டை போடலாம் என்று தயாராக இருந்தேன். "ஊசில நூலு கோத்துக் குடு" என்றாய். எனக்கு அழுகை வந்தது.

படம் செங்கல்பட்டுக்கு வந்தது அதற்குச் சற்று முன்பு, ஆனியில். தாலி அறுத்து வருஷம் திரும்பாதவள் சினிமாவுக்குப் போனால் குப்பம் என்ன பேசும்? நீதான் வழி சொன்னாய். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வழக்கம்போல மீன் விற்க வந்தேன். கூடையோடு அப்படியே மத்தியான ஆட்டத்துக்குப் போனோம். டிக்கெட் கிழிப்பவன் மூக்கைப் பொத்தினான். "மீனு நாத்தம் புடிக்கலன்னா வூட்டுக்குப் போய் கொழம்பு ஊத்திக்காத, போ" என்றாய் நீ. கூடை பெஞ்சுக்கு அடியில் போயிற்று.

அவர் வந்தார், என்னைப் பார்த்தார், போனார். மூச்சு விடுகிற நேரம். அதற்குள் நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். பின்னால் தேசிங்கு சிரித்துக்கொண்டு துடுப்புப் போட்டதையும் பார்த்தேன். அவரைப் பார்க்கத்தான் வந்தேன், எழுந்து போயிருக்கலாம். ஆனால் அந்தத் திருடன் என்னை விடவில்லை. தன் அப்பனைக் கொன்றவனை அவன் கொல்லவில்லை. அவனிடம் உள்ளதை ஒவ்வொன்றாகத் திருடுகிறான். காரைத் திருடுகிறான், குதிரையைத் திருடுகிறான், கப்பலையே கிளப்பிக்கொண்டு போகிறான். "'ஒன்ன சாவடிக்க மாட்டேன்டா, ஒண்ணொண்ணா உருவிக்கினு நடுத்தெருவுல நிறுத்துவேன்' அப்டிங்கறான்" என்று நீ சொன்னபோது பெண்கள் எல்லாம் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. மண்ணை அள்ளியதுபோல விரல்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ என் முகத்தைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தாய்.

கடைசியில் திருடன் கத்தியை எடுத்துக்கொண்டு வில்லன் வீட்டுக்குக் கிளம்புகிறான். கரண்ட் போய்விட்டது.

விசில், கூச்சல், பெஞ்சு உடைகிற சத்தம். காத்திருந்து பார்த்தோம், வரவில்லை. நாளைக்கு வந்து பாருங்கள் என்று பாஸ் கொடுத்தார்கள். என்னால் எங்கே வர முடியும்? பஸ் ஸ்டாண்டில் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தேன். "நீதான் மொத நாளே பாத்துட்டியே. இன்னா ஆச்சு? சொல்லு" என்றேன்.

நீ கொஞ்ச நேரம் பஸ்கள் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் சொன்னாய்.

"போறான். கத்திய இடுப்புல சொருவிக்கினு போறான். ஒரு சந்து. பச்சை பெயிண்டு அடிச்ச கதவு. தட்டறான். அந்த ஆளு பொஞ்சாதி வந்து தொறக்கறா. இவன் யாருன்னே அவளுக்குத் தெரியாது. மொளகா இடிச்சிகினு இருந்திருக்கா, கையெல்லாம் செவப்பு. இடுப்புல கொழந்த. 'அவரு இல்லீங்க, ஒக்காருங்க'ன்றா. கொழந்த அழுவுது. 'கை எரியுதுங்க, புள்ள கண்ணுல பட்டுடும், செத்த புடிங்க'ன்னு இவன் கைல குடுத்துட்டு உள்ள போறா."

"கொடுத்துட்டாளா?"

"குடுத்துட்டா. புடிச்சிகினு நிக்கறான். அது இவன் சட்டை பொத்தான வாயில வெச்சிகினு அழுகைய நிறுத்திடுச்சு. அவ கை கழுவிக்கினு தண்ணி கொண்டாந்தா. குடிச்சான். கொழந்தைய அவகிட்ட குடுத்துட்டு வந்துட்டான்."

"அப்றம்?"

"அவ்ளோதான்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "இதுக்கா இம்மாம் செலவு பண்ணி படம் எடுத்தான்? கத்தி இன்னா ஆச்சு?" என்று கத்தினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இடுப்புலயே கீது" என்றாய். என் பஸ் வந்துவிட்டது.

ஆடி வந்தது. கூழ் அன்று மேளம் கோயிலில் கேட்டுக்கொண்டிருந்தது. தேசிங்கின் மரத்துக்குப் போனேன், குனிந்து மண்ணை அள்ளினேன். ஒரு சத்தம் போட்டால் ஊரே ஓடிவரும். மரத்தின் மேல் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அவன் பெண்சாதிக்கும் அந்த வருஷம்தான் பிரசவம். என் பிள்ளைக்கு நான் கிழித்த மாதிரியே பழைய புடவையைக் கிழித்துத் தைத்த துணிகள். எனக்கு அம்மன் பேர் வாயில் வரவில்லை. அந்த முட்டாள் திருடன்தான் வந்தான், கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். மண்ணைக் கீழே விட்டேன். போய்க் கூழ் வாங்கிக் குடித்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. தேசிங்கு கிழவனாகிச் சாகும்வரை அவனோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவன் குடும்பம் குப்பத்திலேயே இருந்தது. அவன் மகள் என் மகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளுக்குள் நிம்மதியாக இருக்கும்.

எத்தனையோ வருஷம் கழித்து, நீ படுக்கையில் விழுந்த சமயம், உன் வீட்டுக்காரரைப் பற்றி ஒருநாள் பேச்சு வந்தது. பிள்ளை இல்லை என்று உன்னை விட்டுவிட்டு ஆற்காட்டில் இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்டவர். நீ அவர் பேச்சையே எடுப்பதில்லை. அன்று நீயே சொன்னாய்: "ஒரு தபா போனேன். அவள நாலு கேள்வி நாக்க புடுங்கிக்கிற மாதிரி கேக்கலாம்னுதான் போனேன். தண்ணி குடுத்தா. குடிச்சிட்டு வந்துட்டேன்." எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது. "தண்ணி குடிக்கவா ஆற்காடு வரைக்கும் போன?" என்று திட்டினேன். சிரித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். நேற்று படத்தைக் கடைசி வரை பார்த்தோம். திருடன் போகிறான். சந்தும் இல்லை, பச்சைக் கதவும் இல்லை. அரண்மனை மாதிரி வீடு, நடுவில் நீச்சல் குளம், வாசலில் ஹெலிகாப்டர். பத்துப் பேரை அடித்துப் போட்டுவிட்டு வில்லனைக் குத்துகிறான், குத்திக்கொண்டே இருக்கிறான், வீடு பற்றி எரிகிறது. முடிந்தது. வில்லனுக்குப் பெண்சாதியே கிடையாது அக்கா!

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சின்ன வயதில் சோறு ஊட்டும்போதெல்லாம் அவளுக்கு நான் சொன்ன கதை அது. "இன்னாம்மா, நீ சொன்ன மாதிரி இல்லியே? மொளகா இடிக்கிறவ எங்க?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஹெலிகாப்டர் வைத்திருப்பவன் வீட்டில் எவள் உட்கார்ந்து மிளகாய் இடிப்பாள்? எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டாமா? நான் உனக்குத் தொடர்கதை படித்தபோது ஒரு வரி மாற்றியிருப்பேனா? நீ மட்டும் ஒரு முழு முடிவையே பொய்யாகச் சொல்லி என்னை பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறாய்.

சிரித்துக்கொண்டிருந்தவள் "அவ தண்ணி கொண்டாந்தா" என்கிற இடம் நினைவுக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். மகள் பயந்துபோய் என்ன என்று கேட்டாள். பொய் இல்லை அது. சந்தும் பச்சைக் கதவும் ஆற்காட்டில் இருந்தன. நெஞ்சு நிறைய ஆத்திரத்தோடு போய்க் கதவைத் தட்டியது நீ. பிள்ளை இல்லை என்று தள்ளி வைக்கப்பட்ட உன் கையில், நீ யாரென்று தெரியாமல், செத்த புடிங்க என்று அந்த ஆற்காட்டுக்காரி தன் பிள்ளையைக் கொடுத்திருக்கிறாள். அது உன் ரவிக்கைப் பொத்தானை வாயில் வைத்துக்கொண்டு அழுகையை நிறுத்தியிருக்கிறது. உலகத்தில் யாரிடமும் சொல்லாத அதை, என் கையைத் திறக்கவைக்க, ஒரு திருடன் தலையில் கட்டி என்னிடம் கொடுத்தாய். நான் உன்னைத் திட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

மருமகப்பிள்ளை கேட்டார், மறுபடி முதலில் இருந்து போடட்டுமா என்று. என் வீட்டுக்காரர் முகம் வருகிற இடத்தை மட்டும் போடச் சொன்னேன். முடிவு வேண்டாம், அது என்னிடம் இருக்கிறது. மண் அள்ளிய இந்தக் கையில், நான் ஒருநாளும் தூக்காத அந்த ஆற்காட்டுக் குழந்தையின் கனம் இத்தனை வருஷமாக இருந்துகொண்டே இருக்கிறது, அக்கா. அது யார் பிள்ளை என்று நேற்றுத்தான் தெரிந்தது.