சிவப்பு டப்பாவில் பதினோரு தோட்டா

ஓரின்,

அடுப்புமேல பீன்ஸ் சூப் இருக்கு, சூடு பண்ணிக்கோங்க. நான் வேலை முடிஞ்சு அஞ்சு மணிக்கு வருவேன்.

உங்க துப்பாக்கியோட அந்த போல்ட்டை விட்டுடுங்க. சனிக்கிழமை எல்க் மான் வேட்டைன்னு மூணு நாளா எண்ணெய் போட்டுத் தேய்ச்சு, என்மேலயும் எரிஞ்சு விழுந்தாச்சு. நேத்து கொட்டகைக்குப் பின்னால வச்சு நானே பார்த்தேன். கடைத் தோட்டா போட்டா வழுக்கிட்டு மூடுது. சிவப்பு டப்பாத் தோட்டாவுக்குத்தான் முரண்டு பிடிக்குது.

அது நம்ம பையன் டேல் மருந்து நிரப்பினது. அவன் துப்பாக்கில வெடிச்ச தோட்டாக் கூட்டையே மறுபடி நிரப்புவான், அதோட வாயை மட்டும்தான் இறுக்குவான். அந்தக் கூடெல்லாம் அவன் துப்பாக்கி அளவுக்கு உப்பியிருக்கு. உங்களுதுல சேராது. அடிச்சு மூடாதீங்க.

அவனை ஆத்துலேர்ந்து எடுத்துப் புதைச்ச வாரம், அவன் துப்பாக்கியை வித்துட்டேன்னு சொன்னேன். அந்த ஏப்ரல்லேர்ந்து நீங்க என் முகம் பார்த்துப் பேசலை. நான் விக்கலை. அதை இன்னொருத்தர் கையில பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. கம்பளிப் பெட்டிக்குள்ள, அடியில இருக்கு. அந்தத் தோட்டா அதுல சரியாச் சேரும். சாவி மாவு டின்ல.

வெர்னா

பின்குறிப்பு: பதினோரு தோட்டாதான் இருக்கு. குறி பார்க்கிறேன்னு சுட்டுத் தீர்த்துடாதீங்க. நிரப்பித் தர ஆள் இல்லை.