மூன்று அறை வீடு வேண்டாம்

அம்பராவா,
திங்கட்கிழமை காலை.

அன்புள்ள மகள் ரஹாயுவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் பிள்ளைகள் கிரணாவும் நபிலாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே முழங்கால் வலியைத் தவிர எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஏரியில் தண்ணீர் வற்றியிருக்கிறது. ஆகாயத்தாமரைத் தண்டு நன்றாகக் காய்கிறது. பை பின்னுகிறவர்கள் வாரம் இரண்டு முறை வந்து எடுத்துப் போகிறார்கள். நபிலாவுக்கு இருமல் விட்டதா? தேன் கொடு. கடைத் தேன் வேண்டாம், நான் கொடுத்தனுப்பிய பாட்டிலில் இருப்பதைக் கொடு.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான் நாலாவது வரை படித்தவள். எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். குரல் பதிவு செய்து அனுப்பினால் உன் போனை எந்நேரமும் கையில் வைத்திருக்கிற கிரணா முதலில் கேட்டுவிடுவாள். இது அந்தப் பிள்ளை கேட்க வேண்டியது இல்லை. உன்னிடம் நேராகப் பேசலாம் என்றால், என் பிள்ளை தமார் இறந்துபோன இந்த ஒரு வருஷம் நாலு மாதத்தில் எத்தனையோ தடவை வாயைத் திறந்தேன், வரவில்லை. அதனால் எழுதுகிறேன். தனியாக இருக்கும்போது படி.

உங்கள் தையல் ஃபாக்டரி பெகாசியிலிருந்து ஸெமாராங்குக்கு மாறுவதும், உன்னை அங்கே லைன் மேற்பார்வைக்குப் போட்டிருப்பதும் நல்ல சேதி. தமார் இருந்தால் தெருவெல்லாம் சொல்லியிருப்பான். நீ கேட்டுக்கொண்டபடி போய் மேட்டு வீடு, கடலோரக் கீழ் வீடு இரண்டையும் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு வீட்டுக்காரர்களும் சனிக்கிழமை வரைதான் பொறுப்பார்கள். ஒரு வருஷ வாடகையை முன்னாலேயே கேட்கிறார்கள். வாடகையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரு தடவை சரி என்று சொல்லிவிட்டால் வருஷம் முழுக்க அதில்தான் இருக்க வேண்டும்.

உன் மனசு மேட்டு வீட்டில் இருக்கிறது என்று தெரியும். "மூணாவது ரூம் உங்களுக்குத்தாம்மா. இனிமே தனியா கெடக்க வேணாம்" என்று போனில் சொன்னாய். அம்மாவுக்குச் சந்தோஷம் என்று நீ நினைத்திருப்பாய். சந்தோஷம்தான். ஆனால் அது மட்டும் இல்லை. முதலில் வீடுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்றதை முதலில் எழுதினால் வீட்டைப் பற்றி எழுதக் கை வராது.

மேட்டு வீட்டுக்கு எங்கள் ஊர் பஸ்ஸிலேயே போய் இறங்கிக்கொள்ளலாம். முக்கால் மணி நேரம்தான். கேட்டில் இருந்த காவலாளி, "யாரப் பாக்கணும் பெரியம்மா?" என்றார். "வீட்டப் பாக்கணும்" என்றேன். "அப்ப சரி. இங்க பகல்ல வீட்ட மட்டுந்தான் பாக்க முடியும். ஆளப் பாக்கணும்னா ஞாயித்துக்கெழம வரணும்" என்று சிரித்தார். சிரிப்புக்குத்தான் சொன்னார், ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் நிஜம். காலை பத்து மணிக்கு அந்தத் தெருவில் ஒரு பெண் துணி காயப்போடவில்லை, ஒரு குழந்தை அழவில்லை. எல்லாரும் கீழே நகரத்துக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். மூன்று வீடு தள்ளி ஒரு நாய் மட்டும் என்னைப் பார்த்துக் குரைத்தது. அதற்கும் சங்கிலி போட்டிருந்தார்கள்.

வீடு அழகுதான். பொய் சொல்லக் கூடாது. தரை பளபளவென்று இருக்கிறது, காற்று வருகிறது, சமையலறையில் நின்றால் உங்காரான் மலை தெரிகிறது. அந்த மூன்றாவது அறைக்குள்ளும் போனேன். கிழக்கே ஜன்னல். என் மர அலமாரியை எந்தச் சுவரோரம் வைக்கலாம் என்று பார்த்தேன். பார்த்ததோடு விடவில்லை, சாண் போட்டு அளந்தேன். எட்டு சாண் இருந்தது, போதும். காவலாளி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. "குடி வந்துட்டீங்க போலிருக்கே" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

அன்று பக்கத்தில் இருக்கிற என் தங்கை வீட்டில் தங்கினேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு, அதாவது நீ கிளம்ப வேண்டிய நேரத்துக்கு, அந்தக் கேட்டிலிருந்து ஒரு ஓஜெக் பைக்கை வாடகைக்குப் பிடித்து, பின்னால் உட்கார்ந்து உன் புது ஃபாக்டரி வரைக்கும் போனேன். தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "வீடு பாக்க வந்தியா, வித்தை காட்ட வந்தியா?" என்றாள். வீட்டைப் பார்த்தால் போதுமா? வழியைப் பார்க்க வேண்டாமா?

அந்த இறக்கம் எப்படி இருக்கிறது என்று உனக்குச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரி. பிரேக் கருகுகிற நாற்றம். லாரிச் சக்கரம் என் தோள் உயரத்துக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டு வருகிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு ஓதிக்கொண்டே வந்தேன். வண்டிக்காரர், "பெரியம்மா, கொஞ்சம் கைய லூசா விடுங்க, எனக்கு மூச்சு முட்டுது. நான் செத்தா வண்டிய நீங்களா ஓட்டுவீங்க?" என்றார். ஐம்பத்தைந்து நிமிஷம் ஆனது. இறங்கியதும் ஃபாக்டரிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, "தெனம் போறவங்களுக்குப் பழகிடும் பெரியம்மா" என்றார். நல்ல மனுஷன். ஆறுதலுக்குத்தான் சொன்னார். அந்த வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

அங்கிருந்து கீழ் வீட்டுக்கு நடந்தே போனேன். என் முழங்காலோடு பன்னிரண்டு நிமிஷம். உனக்கு ஏழு போதும். சந்து வீடு. இரண்டு அறை, இரண்டும் சின்னது. பின் அறையில் ஜன்னல் இல்லை, மேலே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருக்கிறார்கள். வெக்கை. கொசுவும் உண்டு. சாக்கடை மூடியில் ஒன்று உடைந்திருக்கிறது, வீட்டுக்காரரிடம் சொல்லி மாற்ற வை. பள்ளிவாசல் ஒலிபெருக்கி நேராக வாசலைப் பார்த்து இருக்கிறது. இனி விடியற்காலை பஜ்ர் தொழுகைக்கு எழுந்திருக்கவில்லை என்று நீ சாக்குச் சொல்ல முடியாது.

கடல் பக்கம் ஆயிற்றே, வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்று உனக்குக் கவலை இருக்கும். வீட்டுக்காரரைக் கேட்டால் வராது என்றுதான் சொல்வார். அதனால் நான் காய்கறி வண்டிக்காரருக்காகக் காத்திருந்தேன். எந்தத் தெருவில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. பெண்கள் ஏழெட்டுப் பேர் வண்டியைச் சுற்றி நின்றார்கள். நான் கத்தரிக்காயைப் புரட்டிக்கொண்டே, "இந்தச் சந்துல தண்ணி வருமா?" என்று கேட்டேன். "எந்தத் தண்ணி பெரியம்மா? கொழாத் தண்ணியா, மழத் தண்ணியா, கடல் தண்ணியா?" என்றார். பக்கத்தில் நின்ற ஒருத்தி, "கீரையில நீ தெளிக்கிற தண்ணிய விட்டுட்டியே, எடையில பாதி அதுதான்!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பிறகு ஒழுங்காகச் சொன்னார். குழாய்த் தண்ணீர் காலையில் இரண்டு மணி நேரம் வரும். பெருமழைக்குச் சந்தில் கணுக்கால் வரை நிற்கும், அந்த வீட்டில் தரையை உயர்த்தியிருப்பதால் உள்ளே வந்தது இல்லை. கடல் தண்ணீர் பள்ளிவாசலுக்கு அந்தப் பக்கம் இரண்டு தெருவோடு நின்றுவிடும். "நான் பொய் சொன்னா நாளைக்கு இவங்க வாயில இருந்து தப்பிக்க முடியாது" என்றார். பெண்கள் யாரும் மறுக்கவில்லை. அதனால் நம்பினேன்.

அந்தக் கீரைப் பேச்சுப் பேசியவள்தான் பக்கத்து வீடு. பெயர் எண்டாங். காலையில் சோறு விற்கிறாள். ஃபாக்டரிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் வாசலில்தான் கிடக்கிறார்கள். உன்னைப் பற்றிச் சொன்னேன். என் மகன் உயிரோடு இல்லை என்பதையும் சொன்னேன். அவள் "அச்சோ" என்று சொல்லவில்லை, பாவம் என்று பார்க்கவும் இல்லை. "நாலு ஏற்கனவே இருக்குது. ரெண்டு கூட வந்தா என்ன, சத்தம் ஒண்ணுதானே. ஒறைக்கத் திங்குங்களா?" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

வீட்டுச் சேதி இவ்வளவுதான். இனி என் சேதி.

தமாரின் நூறாம் நாள் துஆவுக்குச் சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தோமே, நினைவிருக்கிறதா? நீ என் பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காமல் மெதுவாகச் சொன்னாய். "அவர் மேல எனக்கு இன்னும் கோவம் போகலம்மா. பெகாசில அவ்வளவு தூரத்துல எதுக்கு வீடு எடுத்தார்? அவர் ஃபாக்டரிக்குப் பின்னாடியே ஒரு வீடு கெடச்சுதாம். நான் எத்தன சண்ட போட்டேன். காத்து நல்லா இருக்கு, பிள்ளைங்க ஓடி வெளையாடலாம்னு சொல்லியே என் வாய அடச்சார்" என்றாய். நான் பொட்டலத்தை மடித்தேன்.

ரஹாயு, அந்த வீட்டை எடுக்கச் சொன்னது நான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் பெகாசிக்குப் போகும்போது அவன் முன்னாடி போய் வீடு தேடினான். உன் மாமனார் இறந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இந்த வீட்டில் எனக்குத் தனியாக இருக்கப் பயம். அவன் போன் செய்து, "ஃபாக்டரிக்குப் பின்னாடி ரெண்டு ரூம் வீடு ஒண்ணு இருக்கும்மா, நடந்தே போயிரலாம். இன்னொண்ணு மூணு ரூம், ஆனா முப்பத்தஞ்சு கிலோமீட்டர்" என்றான். நான், "ரெண்டு ரூம்ல அம்மா எங்கடா படுக்கறது? அடுப்படியில பூனையோடவா?" என்றேன். அவன் சிரித்தான். "சரி, பூனை பொழச்சுப் போகட்டும். மூணு ரூமே எடுத்துக்கறேன்" என்றான். "தூரமாச்சேடா" என்று நான் ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "பழகிடும்மா" என்றான். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. எனக்கு அறை கிடைத்துவிட்டது அல்லவா.

உன்னிடம் அவன் இதைச் சொல்லவே இல்லை. நீ சண்டை போட்டபோதும் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று காற்று, விளையாட்டு என்று ஏதேதோ சொல்லியிருக்கிறான்.

அந்த அறையில் நான் எத்தனை ராத்திரி படுத்தேன் என்று உனக்குத் தெரியுமா? பதினொன்று. நபிலா பிறந்தபோது எட்டு, ஒரு பெருநாளைக்கு மூன்று. பிறகு எனக்கு இந்த ஊரும் தனிமையும் பழகிவிட்டது. இங்கே என் வேலை, என் ஜனங்கள் என்று நின்றுவிட்டேன். இஸ்திரி போடாத துணியை நீ அந்த அறையில் குவித்து வைத்திருந்தாய். அதற்காக என் பிள்ளை தினம் இருட்டோடு கிளம்பி, எழுபது கிலோமீட்டர் லாரிகளுக்கு நடுவே போய்வந்தான். ஒரு நாள் மழையில் போனவன் வரவில்லை.

எல்லாம் விதி என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னார். இருக்கலாம். விதியைப் பற்றி எனக்குத் தெரியாது. நான் வாயால் சொன்னது எனக்குத் தெரியும். இத்தனை நாள் நான் பேசாமல் இருந்ததற்கு ஒரே காரணம், உண்மை தெரிந்தால் நீ பிள்ளைகளை என்னிடம் காட்ட மாட்டாய் என்கிற பயம்தான். இப்போது சொல்வதற்குக் காரணம், நீ மறுபடியும் எனக்காக மூன்று அறை எடுக்கப் பார்க்கிறாய். அந்த இறக்கத்தில் நீ தினம் போவாய். கேட்டால் பழகிவிட்டது என்பாய். இன்னொரு காரணமும் உண்டு. மண்ணுக்குள் இருக்கிறவனால் உன்னிடம் வாதாட முடியாது. உன் கோபத்தை அவன் மேல் வைக்காதே, தாயே. அவன் உனக்குக் கெட்டது நினைக்கவில்லை. கோபத்தை என் மேல் வை. நான் உயிரோடுதான் இருக்கிறேன், தாங்கிக்கொள்வேன்.

அதனால் கீழ் வீட்டை எடு. வெக்கைக்கு ஒரு மின்விசிறி போதும். எனக்கு அறை வேண்டாம். அங்கே வருவதற்கு இரண்டு பஸ் மாற வேண்டும், அதையும் கணக்கில் எடுக்காதே. நான் வருவதைப் பற்றி இப்போது ஒன்றும் யோசிக்க வேண்டாம். நீ மதியம் பசித்தால் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகலாம், நபிலாவுக்குக் காய்ச்சல் என்றால் ஏழு நிமிஷத்தில் வந்துவிடலாம். அதை மட்டும் யோசி.

இதைப் படித்த பிறகு என் குரலைக் கேட்கப் பிடிக்கவில்லை என்றால் எனக்குப் போன் செய்யாதே. நான் தப்பாக நினைக்க மாட்டேன். கீழ் வீட்டுக்காரருக்கு மட்டும் சனிக்கிழமைக்குள் போன் செய்து சொல்லிவிடு. அவர் நம்பரைத் தங்கை மகள் பெரிதாக எழுதிக் கொடுத்த தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

நீ வேலைக்குப் போகும் வழியையும், பிள்ளைகளிடம் திரும்பி வரும் வழியையும் அல்லாஹ் உனக்குச் சின்னதாகவே வைத்திருக்கட்டும். ஆமீன்.

இப்படிக்கு,
தமாரின் அம்மா
துமினா