பின்கட்டில் நாய்க்கு ஒரு கக்கூஸ்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சிரித்துக்கொள். இன்று காலை நாய்க்குட்டிக்குப் புரியவைக்கிறேன் என்று பின்கட்டு மணலில் நானே குந்திக் காட்டினேன். வேட்டியெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பக்கத்து மாடியில் சாயம் போட்ட பட்டு நூலை உலர்த்திக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்து, "இன்னாண்ணா, உள்ள பாத்ரூம்ல யாருனா குளிச்சிக்கினு இருக்காங்களா?" என்றாள். குட்டி என்னை வித்தை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தது.

மணலில் போட்டிருந்த, குட்டி நனைத்த சாக்குத் துண்டின் நெடி மூக்கில் ஏறியது. உடனே நீ வந்துவிட்டாய்.

நம் கல்யாணமான புதிதில் ஒரு நாய் வளர்த்தோமே, அதைப் பழக்கியவள் நீதான். செங்கல் அடுக்கி, உள்ளே மணல் கொட்டி, அது நனைத்த சாக்கைத் துவைக்காமல் கிழித்து அதன்மேல் போட்டாய். நான் தறியில் உட்கார்ந்தபடியே, "இன்னாமே, சம்பந்தி வராரா, ஜமக்காளம் போடற?" என்றேன். "அதோட வாசன அங்க இருந்தாதான்யா அதுக்கு எடம் தெரியும். உனுக்கு மட்டும் இன்னா, கொழம்பு வாசன வந்தாதான வூடு தெரியுது" என்றாய்.

இப்போதும் குழம்புக்குக் குறைவில்லை. மருமகள் நன்றாகவே வைக்கிறாள். நீ போனபிறகு, நான் ஒன்று சொன்னால் திருப்பி ஒன்று சொல்லத்தான் ஆளில்லை. கிண்டல் வாய்வரை வந்து நின்றுவிடுகிறது. அதனால்தான் முசரவாக்கத்திலிருந்து இந்தக் குட்டியைத் தூக்கிவந்தேன். பேசினால் தலையைச் சாய்த்துக் கேட்கிறது, அதுவே பெரிய விஷயம்.

ஆனால் அதற்குத் தறிக்குழிதான் பிடித்திருக்கிறது. நாம் காலைத் தொங்கவிட்டுத் தறியை மிதிக்கிற குழி. இருட்டு, குளிர்ச்சி, மண் தரை. வேறென்ன வேண்டும்? தினமும் அங்கேயே போனது. "முகூர்த்தப் புடவ தறியில இருக்குது மாமா. பட்டுல நாத்தம் ஏறிச்சின்னா யாரு கட்டுவாங்க? இன்னொரு வாட்டி குழியில போச்சின்னா முசரவாக்கத்துக்கே அனுப்பிடுவேன்" என்று மருமகள் சொல்லிவிட்டாள். நியாயம்தான். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அதன்பிறகே பின்கட்டில் உன் செங்கல், மணல், சாக்கு வேலையை நான் செய்தேன். தறி ஓடாத நேரத்தில் குழியைப் பலகையால் மூடினேன். குந்திக் காட்டியது மட்டும் என் சொந்த யோசனை, பலிக்கவில்லை. மத்தியானம் சோறு வைத்த கையோடு குட்டியை மணலுக்குத் தூக்கிப்போனபோதுதான் நீ அந்த நாயிடம் சொல்வது ஞாபகம் வந்தது. "போய்ட்டு வந்துடு கண்ணு." உன் இழுவையோடு சொன்னேன். என் தொண்டைக்குள்ளிருந்து நீ பேசினாய். குட்டி மோந்தது, சுற்றியது, மணலிலேயே போக ஆரம்பித்தது. அப்புறமும் நான் சொல்லிக்கொண்டே நின்றேன். அது குட்டிக்காக இல்லை.

மருமகளைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தாள். "சரி மாமா, இருக்கட்டும். மணல் மட்டும் நீங்கதான் மாத்தணும்" என்றாள்.

சந்தோஷத்தில் குட்டியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். அது இன்னும் முடிக்கவில்லை. சட்டையை ஊறப்போட்டிருக்கிறேன்.