பின்கதவை மறைத்த விறகு

திருவண்ணாமலை
டிசம்பர் கடைசி வாரம்

அன்பு மகள் ரூக்ஸாருக்கு, அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கருணையால் இங்கே நாங்கள் நான்கு பேரும் மூன்று வேளையும் சாப்பிட்டு, இடையிடையே சண்டையும் போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளை ஃபைஸும் அதே மாதிரி, சண்டை மட்டும் கொஞ்சம் கம்மியாக, இருக்க வேண்டும் என்று துஆ செய்கிறேன். தினம் வீடியோவில் முகம் பார்க்கிற காலத்தில் அத்தா எதற்குக் கடிதம் போடுகிறார் என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் இல்லை. போன் உன் அண்ணி மெஹ்விஷ் கையில் இருக்கிறது, ஒரு பக்கம் உன் அம்மா, ஒரு பக்கம் உன் அண்ணன் சல்மான் தலையை நீட்டுகிறார்கள், நான் வாயைத் திறப்பதற்குள் "அத்தா நல்லாருக்காரு, வேளாவேளைக்கு மாத்திரை போட்டுக்கறாரு"ன்னு அவர்களே சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்குச் சொல்ல வேறு விஷயம் இருக்கிறது. கையெழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கும், பொறுமையாகப் படி.

உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? ஸ்கூலில் நாள் முழுக்க நின்றுகொண்டே பாடம் நடத்தாதே, நாற்காலி எதற்குப் போட்டிருக்கிறார்கள். ஏசியை முகத்துக்கு நேராக வைத்துப் படுக்காதே. இங்கே மழை ஓய்ந்து பனி ஆரம்பித்துவிட்டது, காலையில் மலை தெரிவதே இல்லை. சல்மானுக்குக் கல்யாண பிரியாணி ஆர்டர் ஜாஸ்தி. போன வருஷம் கீழ்பென்னாத்தூர் கல்யாணத்தில் ஈர விறகு வைத்து, தேக்சாவில் இருந்த பிரியாணி முழுக்கப் புகை ஏறி, பெண் வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தாரே, அதிலிருந்து உன் அண்ணனுக்கு விறகு என்றாலே பயம். நாம் வழக்கமாக வாங்குகிற விறகுக் கடையையும் இடித்துவிட்டு, பௌர்ணமிக்கு வருகிறவர்களுக்காக லாட்ஜ் கட்டுகிறார்கள். அதனால் விறகை மொத்தமாக இறக்கி வீட்டிலேயே காயவைத்துக்கொள்வோம் என்று முடிவாகி, மழைக்கு முன்னால் பின்பக்கம் கொட்டகை போட்டோம். வீடியோவில் பார்த்துவிட்டு "சூப்பர் அத்தா"ன்னு கை தட்டினாயே, அதே கொட்டகைதான். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

உனக்கு ஒரு விஷயம் தெரியாது. போன ரம்ஜானில் நான் வாசல்படியில் விழுந்தபோது நீ போனில் அழுது, "அத்தாவ இனிமே தனியா வெளிய விடாதே"ன்னு சல்மானிடம் சொன்னாய். அவன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை ஸ்கூட்டரில் உட்காரவைத்து ஜும்மாவுக்குக் கூட்டிப்போகிறான், முடிந்ததும் செருப்பைக்கூட அவனே எடுத்துப் போட்டுக் கூட்டிவருகிறான். கால்வாய் வேலைக்குப் பிறகு வாசல்படி உயரமாகிவிட்டது, யாராவது கை கொடுக்காமல் என் முட்டி இறங்காது. ஆனால் பின்பக்கம் மதில் சுவரில் இருக்கிற கம்பிக் கதவுக்குப் படி கிடையாது, சந்தும் வீடும் ஒரே மட்டம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கண்ணை மூடுவார்கள். நான் மெல்லத் தாழ்ப்பாளைத் தூக்கி, சந்தில் எதிரே இருக்கிற தசரதனின் ஸ்டவ் ரிப்பேர் கடைக்குப் போய்விடுவேன். அவன் மனைவி மணியம்மாள் டீ போட்டுத் தருவாள், சர்க்கரை போட்ட டீதான், திட்டாதே. தரையில் சாக்பீஸால் கோடு கிழித்து ஆடுபுலி ஆடுவோம். "விறகெல்லாம் முடிஞ்சு போச்சு பாய், கேஸுக்கு மாறுங்க"ன்னு அவன் சொல்வான், உன் கேஸ் அடுப்பில் தம் போட்டால் அது பிரியாணி இல்லை, பத்தியச் சோறு என்று நான் சொல்வேன். சாயங்காலம் அஸர் தொழுகைக்கு பாங்கு கேட்டதும் வந்த வழியே வந்து கட்டிலில் படுத்துவிடுவேன். அது ஒன்றுதான் யாரும் பின்னால் வராமல் நானாகப் போய் நானாக வருகிற இடம்.

கொட்டகை போடலாம் என்றதும் சல்மான் என்னைத்தான் கேட்டான், "எங்க போடலாம் அத்தா, நீங்கதான் சொல்லணும்"னு. விழுந்து படுத்ததிலிருந்து என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்கு வந்ததே சந்தோஷம். கொத்தனார் ராஜமாணிக்கத்தைக் கூப்பிட்டு, பின்பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அதிகாரம் செய்தேன். நம்ம ஊரில் மழை கிழக்கிலிருந்துதான் சாய்ந்து அடிக்கும், அதனால் விறகின் முதுகு கிழக்குச் சுவர் பக்கம்தான் இருக்க வேண்டும். மேற்கே திறந்திருந்தால் மத்தியான வெயில் உள்ளே விழும். கீழே ஹாலோ பிளாக், நாலு பக்கமும் கல்தூண், மேலே தகர ஷீட், கட்டை காற்று வாங்க இடுக்கு விட்டு அடுக்க வேண்டும் என்று எல்லாம் சொன்னேன், எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். ராஜமாணிக்கம் கயிறு பிடித்து அளந்துவிட்டு, "பாய், இந்தச் செவுத்துல கதவு இருக்குதே, விறகு மறைச்சிடும், பரவால்லியா?"ன்னு கேட்டான். அப்போதுதான் எனக்கே உறைத்தது. திரும்பிப் பார்த்தால் சல்மான் நிற்கிறான், உன் அம்மா நிற்கிறாள், மெஹ்விஷ் டீ டம்ளரோடு நிற்கிறாள். கதவு வேண்டும் என்றால் எதற்கு என்று கேட்பார்கள். "அந்த வழியா யாருய்யா போறாங்க? விறகுதான் முக்கியம்"னு என் வாயாலேயே சொல்லிவிட்டேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. ரெண்டே நாளில் கதவு தெரியாமல் சவுக்குக் கட்டை ஏறிவிட்டது.

கல்யாண ஆர்டர் வர வர விறகு குறையும், கதவு தெரியும் என்று காத்திருந்தேன். முன்னாலிருந்து எடுக்கிறார்கள், காலியான இடத்திலேயே புதுசை இறக்குகிறார்கள், பின்னால் இருக்கிறது அசையவே இல்லை. ஒரு நாள் நானே கதவுப் பக்கம் ஒரு கட்டையை உருவிப் பார்த்தேன். மேலே இருந்தது தடதடவென்று சரிந்தது, அடி ஒன்றும் இல்லை, உன் அம்மா நான்தான் விழுந்துவிட்டேன் என்று அலறிக்கொண்டு ஓடிவந்தாள். அன்றிலிருந்து கொட்டகைப் பக்கம் போகவும் தடை. போதாததற்கு சர்க்கரை டெஸ்ட்டில் நல்ல கம்மியாக வந்துவிட்டது. "பாத்தீங்களா மாமா, வீட்லயே இருந்தா எவ்ளோ நல்லாருக்கு"ன்னு மெஹ்விஷ் சொல்கிறாள், நான் தலையாட்டுகிறேன். உன் அம்மா மட்டும் என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தாள், அவளுக்குத் தெரியுமோ என்னமோ. வாசல் நிலையைப் பிடித்தால் "எங்க போறீங்க?" நடையில் செருப்பைத் தேடினால் "என்ன வேணும் அத்தா?" எல்லாம் பாசம்தான். பாசம் என்பதால் கோபிக்கவும் முடியவில்லை. எனக்கு மூச்சு முட்டுகிறது ரூக்ஸார்.

தசரதன் முன்வாசல் வழியாக வரட்டுமே என்று கேட்பாய். தீபத்தன்று பொரி உருண்டை எடுத்துக்கொண்டு அவனும் மணியம்மாளும் வந்தார்கள். சோபாவில் உட்காரவைத்து, மெஹ்விஷ் சர்க்கரை இல்லாத டீ கொடுத்து, சல்மான் எதிரே உட்கார்ந்து பிசினஸ் பேச, நானும் தசரதனும் பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி ஒருவர் முழங்காலை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு மத்தியானத்தில் அவனே சந்து வழியாக வந்து கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்காருகிறான். தடை இருந்தாலும் எல்லோரும் தூங்குகிற நேரத்தில் நான் இந்தப் பக்கம் போய் நிற்கிறேன். கட்டைகளுக்கு நடுவே இடுக்கு விட்டு அடுக்கச் சொன்னேன் அல்லவா, அதில் அவன் சட்டை கொஞ்சம் தெரியும், குரல் கேட்கும். முதல் நாள் "பாய், புலி அடைபட்டுப் போச்சே"ன்னு சிரித்தான். போன வாரம் வந்தவன் சிரிக்கவில்லை. அவன் மகன் பாலாஜி ஓசூரில் வீடு பார்த்துவிட்டானாம், பொங்கல் முடிந்ததும் அப்பா அம்மா இருவரையும் கூட்டிப்போகிறானாம், கடையை இப்போதே காலி செய்கிறார்களாம். "போறதுக்குள்ள ஒரு ஆட்டம் ஆடணும் பாய்"னு சொன்னான். நான் கட்டை மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

அதனால் நீ சல்மானுக்குத் தனியாக போன் செய்து, விறகைச் சுவரோடு ஒட்டி அடுக்கினால் கரையான் வரும், அந்தக் கதவுப் பக்கம் மட்டும் ஒரு ஆள் போகிற அளவு எடுத்துவிடு என்று உனக்கே தோன்றின மாதிரி சொல். கரையான் வருவது உண்மைதான், பொய் இல்லை. இப்படித்தான் எழுத வேண்டும் என்று இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தேன். எழுதிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. இந்த வயதில் நான் ஒரு கதவைத் திறக்கக் கரையானைத் துணைக்குக் கூப்பிட வேண்டுமா? அது வேண்டாம் அம்மா. அத்தாவுக்கு வெளியே போகணுமாம், தனியாகப் போகணுமாம் என்று சொல். தசரதன் பேரையும் சொல், டீயையும் சொல், திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். என் பிள்ளையிடம் நேரில் கேட்டால் அவன் முகம் வாடும், அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. விடாதே என்ற வார்த்தை உன் வாயிலிருந்து போனது, விடு என்பதும் அங்கிருந்தே வரட்டும். பொங்கலுக்கு முன்னால் சொல், மறந்துவிடாதே.

மாப்பிள்ளைக்கு என் சலாம். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நோயற்ற உடம்பும் நிறைந்த வீடும் தரட்டும். காலையில் வெறும் வயிற்றோடு ஸ்கூலுக்குப் போகாதே. கவரில் மாப்பிள்ளை ஆபீஸ் பாக்ஸ் நம்பரைத்தான் போட்டிருக்கிறேன், தசரதன் பெரிய போஸ்ட் ஆபீசில் போடுகிறேன் என்றிருக்கிறான். அவன் வந்துவிட்டான், ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேட்கிறது. இதை மடித்து, குச்சியில் செருகி, கட்டை இடுக்கு வழியாக அந்தப் பக்கம் நீட்ட வேண்டும். இன்னும் ஒரு தாள் சேர்த்தால் நுழையாது, அதனால் இதோடு நிறுத்துகிறேன்.

உன் அத்தா
மதார் சாகிப்