எலுமிச்சைப் பூதங்கள்

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மழை வரும்போல இருட்டிக்கொண்டு வந்து ஏமாற்றிவிட்டது. மொட்டை மாடித் தரை கொதிப்பு. பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றி ஆறவிட்டு, அப்புறம்தான் விளையாட்டு.

கோலமாவில் கட்டம் போட்டது பிரபு. என் தம்பிக்கு எத்தனை பூதக் கதை வேண்டுமானாலும் வரும், ஒரு நேர்கோடு வராது. அழித்துவிட்டு நானே போட்டேன்.

அவர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடி அதே கேள்வி. "இது இன்னாதான் ஆட்டம் தேனு? ஜெயிக்கறதும் இல்ல, தோக்கறதும் இல்ல." நானும் அதே பதில். பிரபு கதை சொல்வான். நானும் ஷாகிராவும் அந்தக் கதைக்குள்ளே ஆட்கள். என்ன செய்கிறோம் என்று நாங்கள் சொல்வோம், அது நடக்குமா நடக்காதா என்று பகடை சொல்லும். தலையை ஆட்டிவிட்டு லாட்ஜுக்கு டூட்டிக்குக் கிளம்பிவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவருக்குப் புரியாத விஷயம் இது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஷாகிரா ஆஸ்பத்திரி லேபில் என் பக்கத்து நாற்காலி. கதையில் காயம் ஆற்றும் மந்திரக்காரி. நான் கனலி, நெருப்பு மந்திரக்காரி. காலையில் எந்த மந்திரங்களை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேனோ அவ்வளவுதான் அன்றைக்கு. தீர்ந்தால் தீர்ந்தது. நெருப்பைத் தலைவன் பூதத்துக்கு வைத்திரு என்று ஷாகிரா கெஞ்சினாள். கேட்கவில்லை. குகை வாசலிலேயே எல்லாப் பூதத்தையும் கொளுத்திவிட்டேன். தலைவன் வந்தபோது கையில் இருந்தது பூட்டு திறக்கும் மந்திரம் மட்டும். ஓடினோம்.

மந்திரத்தை மனசுக்குள் சொன்னால் சாதாரணம். எழுந்து நின்று, கையை நீட்டி, சத்தமாகச் சொன்னால் பகடையில் விழும் எண்ணோடு ரெண்டு கூட்டிக்கொள்ளலாம். பிரபு வைத்த சட்டம். அதனால் நான் கத்துவேன். "எரிகுழியில் பிறந்தவளே, என் விரல் நுனிக்கு வா! இவர்களைச் சாம்பலாக்கு!" வாரம் முழுக்க ரத்தம் எடுக்கும்போது "கையை மடக்குங்க, வலிக்காது, அவ்ளோதான்" என்று மெதுவாகப் பேசிப் பேசிக் குரலே செத்துக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதான் அது எழுந்திருக்கும்.

பூதங்களுக்குப் பொம்மை கிடையாது, எலுமிச்சம்பழம். தீ பரவிய கட்டத்தில் சிவப்புக் கோலப்பொடி. செத்த பூதத்தை அங்கேயே கத்தியால் ரெண்டாக வெட்டிக் கிண்ணத்தில் போடுவோம், இடைவேளையில் ஜூஸ். இன்று பூதங்கள் ஜாஸ்தி, சர்க்கரை கம்மி.

பக்கத்து மாடியில் சரோஜா அக்கா துணி எடுத்துக்கொண்டிருந்தார். கையை நீட்டியபடியே பார்த்துச் சிரித்தேன். சிரிக்கவில்லை. பாதித் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வெயில். லேபில் வெறும் வயிற்றுக் கூட்டம்.

சரோஜா அக்கா சுகர் டெஸ்டுக்கு வந்தார். என் முறைதான். ஊசியைப் பிரித்துவிட்டு உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே இருந்தார். "அந்தப் பொண்ணு எடுக்கட்டும்" என்று ஷாகிராவைக் காட்டினார்.

"இன்னாக்கா, நான்தானே எப்பவும் எடுப்பேன்?"

"அவ எடுக்கட்டும்மா."

ரத்தம் எடுத்து முடித்ததும் ஷாகிராவிடம் குழாயைக் கேட்டு வாங்கி, பேர் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். "இது யார் கைக்கும் போகாதில்ல?" என்று வேறு கேட்டார். ஒன்றும் புரியவில்லை. ஷாகிராவுக்குச் சிரிப்பு. எனக்குச் சுருக்கென்று இருந்தது.

துவரம்பருப்பு. கேஸ் புக் பண்ண வேண்டும். பிரபுவிடம் சிவப்புப் பொடி தீர்ந்தது என்று சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 27, புதன். விநாயகர் சதுர்த்தி

காலையில் தூறல். கொழுக்கட்டை நன்றாக வந்தது, பூரணம் மட்டும் கொஞ்சம் இறுகிவிட்டது.

வழக்கம்போல சரோஜா அக்கா வீட்டுக்கு ஒரு தட்டு கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் தட்டு திரும்பி வந்தது. வெறும் தட்டு இல்லை. கொடுத்த கொழுக்கட்டை அப்படியே, மூடிய வாழையிலையோடு. எங்கள் கேட் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அவ்வளவையும் நானே தின்றேன். வயிறு வலிக்கிறது. கோபம் அதைவிட ஜாஸ்தி.

ஆகஸ்ட் 28, வியாழன்

இப்போதுதான் தெரிகிறது. அவர் டீக்கடையில் கேட்டுக்கொண்டு வந்து சொன்னார், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

சரோஜா அக்காவின் மகள் ரேவதிக்கு அடுத்த வாரம் நிச்சயம் வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன், கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம் என்று. காரணம் சொல்லவில்லை. சரோஜா அக்காவுக்குக் காரணம் தெரியும். முந்தின நாள்தானே மாடியில் பார்த்தார். கட்டம், சிவப்புப் பொடி, வெட்டின எலுமிச்சம்பழம், கையை நீட்டி "சாம்பலாக்கு" என்று கத்தும் நான். போதாக்குறைக்குக் காக்கா தூக்கிப்போன ஒரு பழத்தோல் அவர்கள் வாசலில் விழுந்திருக்கிறது. லேபில் வேறு வேலை, ஊர் ரத்தமெல்லாம் என் கையில். நான் செய்வினை வைத்துவிட்டேனாம்.

முதலில் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டு ஓனர் வேலூரிலிருந்து போன். "தெருவுல நாலு பேர் பேசறாங்கம்மா. முனீஸ்வரன் கோயில்ல ஞாயித்துக்கிழமை காலைல சூடம் அணைச்சு சத்தியம் பண்ணிடுங்க. அந்த மாடி ஆட்டத்தையும் விட்டுடுங்க. முடியாதுன்னா வேற வீடு பாத்துக்கோங்க."

அம்மா என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மத்தியானம். ஷாகிரா சாப்பிடப் போயிருந்தாள். ரேவதி லேபுக்கு வந்தாள், துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு. கதவைச் சாத்தினாள்.

"தள்ளிப் போடச் சொன்னது நான்தான்க்கா. அவருக்கு நானே போன் பண்ணேன். பி.எட். முடிக்காம எனக்கு வேணாம்னு சொன்னேன். அவரு நல்லவரு, என் பேரச் சொல்லாம அவங்க வீட்ல பேசிட்டாரு. அம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா கொன்னுடுவாங்க. சொல்லிடாதீங்கக்கா."

"சொல்லமாட்டேன்."

யோசிக்கவே இல்லை, வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் போன பிறகுதான் உறைத்தது. ஒரு வார்த்தை சொன்னால் என் தலை தப்பும். அந்த வார்த்தையை எடுத்துப் பூட்டி வைத்துவிட்டேன்.

அவள்மேல் கோபம் வந்தது. ஐந்து நிமிஷம்தான். அந்த வயதில் எனக்குக் கையில் போனும் இல்லை, தைரியமும் இல்லை. மாப்பிள்ளைக்கே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். குட்டிப் பிசாசு.

ஆகஸ்ட் 30, சனி

புழுக்கம். மின்விசிறி சத்தம் போடுகிறது.

சண்டை. குரல் உயர்ந்தது என்னுடையது மட்டும்.

"ஒரு சூடம்தானே தேனு. கைய வச்சா அணைஞ்சிடும். முடிஞ்சுது."

"முடியாது. அங்கதான் ஆரம்பிக்கும். நாளைக்கு அவங்க வீட்ல பால் திரிஞ்சாலும் என்னைத்தான் கூப்புடுவாங்க."

"செய்யலதானே நீ?"

"செய்யல. செய்யாததுக்கு நான் எதுக்குங்க சாமி முன்னால நிக்கணும்?"

"அப்ப அந்த ஆட்டத்தையாவது விடேன்."

அழுகை வந்துவிடும் போலிருந்தது. அது அழுகிற விஷயம் இல்லை என்று தோன்றியது. அம்மா வீட்டில் மெதுவாகப் பேசு, ஆஸ்பத்திரியில் மெதுவாகப் பேசு, மாமியார் வந்தால் மெதுவாகப் பேசு. முப்பத்தாறு வயதில் எனக்கென்று ஒரு கத்துகிற இடம் கிடைத்திருக்கிறது. அதை ஒரு தட்டுச் சூடத்துக்கு விட்டுக்கொடுப்பதா? மாட்டேன். எனக்கு அது பிடிச்சிருக்கு. காரணம் இதற்குமேல் வேண்டுமா?

அவர் எதிரிலேயே வீட்டு ஓனருக்குப் போன் போட்டேன். "சத்தியம் பண்ணமாட்டேன் சார். ஆட்டமும் நிக்காது. நாங்க வேற வீடு பாத்துக்கறோம்." ஓனர் பேசுவதற்குள் வைத்துவிட்டேன்.

இவர் எழுந்து சத்தம் போடும் மின்விசிறியை அணைத்தார். பிறகு, "அடி அண்ணாமலை பக்கம் லாட்ஜ்ல வேலை செய்யறவர் வீடு ஒண்ணு காலியா இருக்குது. மாடி இருக்குதான்னு கேக்கறேன்" என்றார். மாடி இருக்கிறதா என்று கேட்கிறாராம். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

ஆனாலும் நாளைக் காலையில் கோயிலுக்குப் போகத்தான் போகிறேன். போகாவிட்டால் ஒளிந்துகொண்டேன் என்பார்கள். கனலியாக இருந்தால் எந்த மந்திரத்தை எடுத்துக்கொண்டு போவாள் என்று யோசித்தேன். தூங்க வைப்பது வேண்டாம். மறைந்து போவது வேண்டவே வேண்டாம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மூன்று மணி. பிரபு மேலே கோணல் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறான், ஷாகிரா திட்டும் சத்தம் கேட்கிறது. கீழே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

காலையில் வேப்பமரத்தடியில் பாதித் தெரு. பச்சைப் புடவை கட்டிக்கொண்டு போனேன், தலையில் பூ. அவர் ஒரு அடி பின்னால். சரோஜா அக்கா தட்டில் சூடத்தை ஏற்றி முனீஸ்வரன் முன்னால் வைத்தார். எல்லோரும் என் கையையே பார்த்தார்கள்.

"நான் ஒண்ணும் செய்யலக்கா. சூடம் அணைக்கவும் மாட்டேன்."

"செய்யலைன்னா அணைக்கறதுல உனக்கு இன்னா கஷ்டம்?"

"கஷ்டம் ஒண்ணும் இல்ல. மாட்டேன்."

யாரோ "பாத்தியா, பாத்தியா" என்றார்கள். சூடம் எரிந்துகொண்டே இருந்தது. ரேவதி அம்மாவுக்குப் பின்னால் நின்றாள். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, திரும்பினால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று.

அவள்தான் முன்னால் வந்தாள். குனிந்து, உள்ளங்கையால் சூடத்தை அமுக்கி அணைத்தாள். புகை.

"நிச்சயத்தத் தள்ளிப் போடச் சொன்னது நான்தான். நானே போன் பண்ணிச் சொன்னேன். இது சத்தியம்."

சரோஜா அக்கா கையை ஓங்கிக்கொண்டு மகளிடம் போனார். எப்படி நடுவில் போய் நின்றேன் என்று தெரியவில்லை. வலது கை தானாக நீண்டது, விரல்கள் விரிந்து, மாடியில் நீட்டுவேனே அதேபோல்.

"இவ சத்தியம் பண்ணிட்டா. நான் இன்னும் பண்ணலக்கா, ஞாபகம் வச்சிக்கோங்க. இந்தப் பொண்ணு மேல கை பட்டுது, அப்புறம் பாருங்க."

மெதுவாகச் சொல்லவில்லை.

ஓங்கிய கை அப்படியே நின்றது. என் விரல்களைப் பார்த்தார். ரெண்டு அடி பின்னால் போய்க் கையைக் கீழே போட்டார். பயந்துவிட்டார். நன்றாகவே தெரிந்தது. அந்தப் பயத்தைப் போக்க நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.