ஒடியல் மா கலந்த அப்பம்

2.4.1987, வியாழன்
நாரந்தனைக் கன்னியர் மடத்துக் குசினியில் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம். பூசைக்கு ஓஸ்தி, அதாவது நற்கருணை அப்பம், சுடுவது என் வேலை. கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும், உப்புக்கூடச் சேர்க்கக்கூடாது. இரும்பு அச்சில் ஊற்றி நெருப்பில் பிடித்தால் தாள் போல ஒரு வெள்ளைத் தகடு. அதை வட்டமாக வெட்டுவேன். ஞாயிறு பூசையில் பங்குச் சுவாமி அதைத் தூக்கிப் பிடிக்கும்போது உடம்பு சிலிர்க்கும். நான் சுட்டது. இப்போது ஆண்டவர்.

எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு இப்படி ஒரு வேலையா?

7.4
சண்டையால் கடலுக்குப் போகத் தடை; கடைக்குச் சாமானும் வருவதில்லை. அப்பா கிழியாத வலையைப் பொத்திக்கொண்டிருக்கிறார். மடத்தில் ஒரு தகரம் கோதுமை மாதான் மிச்சம். “உயிர்த்த ஞாயிறுக்கும் இதுதான் பிள்ளை. முந்நூறு பேருக்குக் காணவேணும்” என்றார் சிஸ்டர் ஜசிந்தா.

11.4, சனி
சிஸ்டர் இல்லாத நேரம் புளியங்கூடலிலிருந்து நாகமுத்து அக்கா வந்தார். பனங்கிழங்கைக் காயவைத்து, ஒடியல் மா இடித்து விற்பவர்.

“காய்ச்சலாலை எழும்பின பெடியன். ஒடியற்கூழ் குடிச்சுச் சத்தி எடுக்கிறான். கொஞ்சம் கோதம்ப மா தாரும்.”

நான் தகரத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

“என்ன, நாங்கள் சைவம் எண்டு யோசிக்கிறீரோ? மாவுக்கு ஏது ஞானஸ்நானம்?”

அவர் நீட்டிய பெட்டியில் போடத் தொடங்கிய பிறகு என் கை நிற்கவில்லை. பாதித் தகரத்துக்கு மேல் போய்விட்டது. “சும்மா வேண்டமாட்டன்” என்று ஒரு பை ஒடியல் மாவை வைத்துவிட்டுப் போனார்.

ஆண்டவருடைய மாவை எடுத்துக் கொடுத்துவிட்டேனா?

15.4
குறைந்ததை நிரப்ப ஒடியல் மாவைக் கலந்தேன். தகடு மண்ணிறமாக வந்து வெடித்தது. சிஸ்டர் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தார்.

“கைக்குது. என்ன போட்டனீர்?”

சொன்னேன். “கோதுமை இல்லாட்டிப் பூசைக்கு ஆகாது பிள்ளை” என்றார். ஏசவில்லை. ஏசியிருக்கலாம். கலக்காமல் மிஞ்சிய மாவில் நாற்பத்திரண்டு ஓஸ்திதான் வந்தது.

17.4, பெரிய வெள்ளி
பாவசங்கீர்த்தனத்தில் எல்லாம் சொன்னேன். சுவாமி கேட்டது ஒன்றுதான்.

“அந்தப் பெடியன் சாப்பிட்டவனோ?”

“தெரியாது சுவாமி.”

“போய்ப் பாத்திட்டு வாரும். அதுதான் உமக்கு அபராதம்.”

18.4
பார்த்தேன். ஒரு சட்டிப் பிட்டு, சுற்றிவர ஏழு பிள்ளைகள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளாம். காய்ச்சல்காரன் நடுவில் இருந்து எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தான்.

19.4, உயிர்த்த ஞாயிறு
எப்படி எழுதுவது?

சுவாமி ஒவ்வொரு ஓஸ்தியையும் எட்டாக உடைத்தார். நாற்பத்திரண்டும். கோயில் முழுக்க அந்தச் சின்னச் சத்தம் மட்டும். மூன்று வள்ளத்துக்குச் சொந்தக்காரர் இராயப்பு சம்மாட்டியார் முன்னுக்கு. அவர் வள்ளத்தில் கூலிக்குப் போகிற என் அப்பா பின்னுக்கு. கரையில் மீன் பங்கு பிரிக்கும்போது சம்மாட்டியாருக்குப் பாதி போகும். மிச்சப் பாதியில்தான் அப்பாவும் மற்ற ஒன்பது பேரும். இன்றைக்கு அவருக்கும் நகத்தளவு, அப்பாவுக்கும் நகத்தளவு.

வெளியே வந்து சம்மாட்டியார், “சுவாமி, நாக்கிலை பட்டதோ எண்டே தெரியேல்லை” என்றார்.

“பசிக்குதோ?”

“ஓம்.”

எல்லாரும் சிரித்தார்கள். சம்மாட்டியார் சிரிக்கவில்லை.

20.4
ஒன்றுமில்லை. வெயில்.

23.4
சம்மாட்டியார் தன் அறையில் பூட்டி வைத்திருந்த அரிசியில் நாலு மூட்டை அனுப்பியிருக்கிறார். கஞ்சிக்கு. வேதக்காரரோ சைவமோ என்று கேட்கவேண்டாமாம்.

“ஆர் வீட்டிலை அடுப்பு எரியேல்லை எண்டு உமக்குத்தானே தெரியும். போய்க் கூப்பிடும்” என்றார் சிஸ்டர்.

“எனக்கு ஏலாது சிஸ்டர். ஆக்களோடை கதைக்க வராது.”

“அப்ப கஞ்சி ஆறட்டும்.”

போனேன். முதல் வீட்டு வாசல் படலையில் நின்று கூப்பிட்டேன். முதலில் நாய் வந்தது. பிறகு மூன்று பிள்ளைகள், கோப்பைகளோடு.